சல்லிசான சொர்க்கம்

மாலத்தீவுக்குப் போய்த் திரும்புகிற நம்மவர்களில் இரண்டு ரகம் உண்டு. பணக்காரர்கள் புகைப்படங்களோடு திரும்புகிறார்கள். நடுத்தர வர்க்கத்தார் புகார்களோடு திரும்புகிறார்கள். படகு கிடைக்கவில்லை, குழாயில் உப்புத் தண்ணீர், மூன்று நாளும் மழை, கடைசியில் பில்லில் ஏதோ வரி என்று ஒரு பட்டியல், அதன் முடிவில், "ஏமாந்து போனோம், சார்!" என்று ஒரு தீர்ப்பு. இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு அந்தச் சங்கடங்கள் நேரவில்லை என்று நினைக்க வேண்டாம். மாலேக்குத் தெற்கே மாஃபுஷி என்ற சிறு தீவில், ஒரு குடும்பத்தார் நடத்தும் விடுதியில் ஐந்து இரவுகள் தங்கினேன். பட்டியலில் உள்ள அத்தனையும் எனக்கும் நேர்ந்தன. நான் போய் இறங்கியது வெள்ளிக்கிழமை; அன்று மலிவான பொதுப் படகு இல்லை. பல மடங்கு கட்டணம் கொடுத்து விரைவுப் படகில் போனேன். குளித்த பிறகும் உடம்பு பிசுபிசுத்தது. கொடியில் போட்ட வேட்டி மூன்று நாள் காயவில்லை. இருந்தும் நான் ஏமாறவில்லை. என்னை ஏமாற்ற அங்கே யாரும் முயலவுமில்லை.

விளம்பரங்களில் நாம் பார்க்கிற மாலத்தீவு, ஒரு தீவு முழுவதும் ஒரே ஓட்டல் என்ற ஏற்பாடு. முதல் உல்லாச விடுதி 1972-ல் திறந்தது. அந்த நாட்டில் ஏறக்குறைய 1,200 தீவுகள்; ஜனங்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. உல்லாச விடுதிகள் ஆளில்லாத தீவுகளில் எழும்பின. பிரயாணிகள் ஒரு பக்கம், ஊர் ஜனங்கள் ஒரு பக்கம் என்று பல்லாண்டு காலம் பிரித்தே வைத்திருந்தார்கள். ஜனங்கள் வாழும் தீவுகளில் சிறு விடுதிகள் பெருகச் சட்டம் வழிவிட்டது 2010-ஐ ஒட்டித்தான். எங்கோ ஓர் உல்லாச விடுதியில் தட்டுக் கழுவப் போய்க்கொண்டிருந்தவன், தன் வீட்டு மாடியில் நாலு அறை கட்டி முதலாளியானது அதற்குப் பிறகுதான். சல்லிசாகப் போகிற நாம் நுழைவது அவனுடைய ஊரில். அங்கே பள்ளிக்கூடம் உண்டு, பள்ளிவாசல் உண்டு, குப்பை உண்டு, அழுகிற குழந்தை உண்டு. சொர்க்கத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர், பிறர் குடியிருக்கும் தெருவைத் தமக்காகக் காலி செய்யச் சொல்கிறார், வேறென்ன?

தண்ணீர் உப்பாம்! அந்தத் தீவுகளில் ஆறு கிடையாது. பவள மணலில் இறங்கும் மழைநீர், கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். 2004 டிசம்பர் சுனாமியில் பல தீவுகளின் கிணறுகள் கெட்டன. 2014 டிசம்பரில் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்து ஊரே தவித்தபோது, நம் நாட்டிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போயிற்று. அப்படிப்பட்ட இடத்தில் நாளுக்கு மூன்று குளியல் போட்டுவிட்டு உப்பைப் பற்றி அங்கலாய்க்கிறோம்.

சாப்பாடு விலை அதிகமாம்! அங்கே தாராளமாகக் கிடைப்பது சூரை மீனும் தேங்காயும். காலையில் சூரையை உதிர்த்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்து ரொட்டியோடு கொடுக்கிறார்கள். அந்த மீனை அவித்து, புகையிட்டு, காய வைத்ததுதான் நம்மூர்ச் சந்தையில் மாசி. மற்றதெல்லாம் கப்பலேறி வர வேண்டும். அதில் ஒரு பங்கு நம் தூத்துக்குடித் தோணிகளில் போவது. தூத்துக்குடியில் மூட்டை கட்டிய வெங்காயம் கடல் தாண்டிய பிறகும் தூத்துக்குடி விலைக்கே கிடைக்க வேண்டுமென்றால் எப்படி?

வரி விஷயமும் இதே கதைதான். பசுமை வரி, 2025 முதல் சிறு விடுதிகளில் தலைக்கு நாளொன்றுக்கு 6 டாலர். அது அரசாங்கத்துக்குப் போகிறது. விடுதிக்காரன் பையில் விழுவதில்லை. நாம் விட்டுவிட்டு வருகிற பாட்டில்களை யாராவது அள்ள வேண்டுமே! மாலேக்குப் பக்கத்தில் குப்பையைக் கொட்டியே மேடாக்கிய திலாஃபுஷி என்ற தீவைப் பார்த்தவர்கள் அந்த 6 டாலருக்கு முணுமுணுக்க மாட்டார்கள்.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது வேறொன்று. நம்மவர் ஒருவர் புறப்படும் நாளில் விடுதிப் பையனிடம், "மழையில் ஒரு நாள் வீணாயிற்று, அந்த நாள் வாடகையைக் கழித்துக்கொள்" என்றார். பையன் வேடிக்கையென்று நினைத்துச் சிரித்தான். அவர் கைப்பேசியை எடுத்து, "ஒரே நட்சத்திரம்தான் போடுவேன்" என்றார். பையனின் முகம் மாறிற்று. உள்ளே போய்த் தகப்பனாரிடம் பேசிவிட்டு வந்து இருபது டாலர் குறைத்தான். பெரிய ஓட்டலுக்கு அந்த நட்சத்திரம் கொசுக்கடி. நாலு அறைக்காரனுக்கோ அது அடுத்த மாதத்து அரிசி. இதைப் பேரம் என்று நான் சொல்ல மாட்டேன்; மிரட்டல் என்பேன். உல்லாசத் தீவில் ஓர் இரவுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்டால் இதே மனிதர் வாய் திறவாமல் கட்டியிருப்பார். எளியவனிடம் மட்டும் கணக்குப் பார்ப்பதற்குச் சிக்கனம் என்று பெயரில்லை.

காசு கொடுத்தவனுக்குக் குறை சொல்ல உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாக உண்டு. அழுக்குப் படுக்கை விரிப்பு, பூட்டாத கதவு, சொன்ன நேரத்துக்கு வராத படகுக்காரன்: சண்டையே போடுங்கள், நானும் போட்டேன். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் மழை பெய்வதும், வெள்ளிக்கிழமை ஊர் தொழுகைக்குப் போவதும், ஊர்க் கடற்கரையில் அடக்கமாக உடுத்தச் சொல்வதும் விடுதிக்காரன் செய்த குற்றங்களல்ல. மே முதல் அக்டோபர் வரை வாடகை குறைவதே மழையை உத்தேசித்துத்தான். குறைந்த வாடகையையும் வாங்கிக்கொண்டு வெயிலையும் கேட்பது எந்த ஊர் நியாயம்?

அந்த நாட்டு நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர்கூட இல்லை. உப்புத் தண்ணீரும் உயர்ந்து வரும் கடலும் நமக்கு ஐந்து நாள் சங்கடம். அவர்களுக்கு ஆயுள் முழுவதும். சல்லிசாகப் போங்கள்; அதுதான் மரியாதையான பிரயாணம் என்றே சொல்வேன். போனால் தண்ணீரைக் குறைவாகச் செலவழியுங்கள். பில்லை முழுதாகக் கொடுங்கள். சொர்க்கம்தான் வேண்டுமென்பவர்கள், அதற்குரிய விலையைக் கட்டி ஆளில்லாத தீவுக்குப் போகட்டும்.