நாடாளுமன்றச் சுவரும் ஒரு வந்தேறியும்

அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலில் 1857-ல் தீட்டப்பட்ட ஒரு சுவரோவியம், பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் போர்நிறுத்தம் கேட்பதைக் காட்டுகிறது. ஓவியர் அதில் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகரவில்லை. ‘கலைஞர், ஐக்கிய அமெரிக்காவின் குடிமகன்’ என்றும் சேர்த்து எழுதினார். கான்ஸ்டன்டினோ புருமிடிக்குக் குடியுரிமை கிடைத்ததே அந்த ஆண்டில்தான். கையொப்பத்தோடு குடியுரிமையையும் பறைசாற்ற வேண்டிய அவசியம் என்ன?

காலம் அப்படி. 1850-களில் ‘நோ-நத்திங்’ கட்சியினர் வந்தேறிகளுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் எதிராக முழங்கிக்கொண்டிருந்தார்கள். புருமிடியோ இரண்டும்தான், போதாக்குறைக்கு, போப்பின் வத்திக்கானில் வேலை பார்த்தவர். 1805-ல் ரோமில், கிரேக்கத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்தவர். 1849-ல் உருவான ரோமானியக் குடியரசின் கொந்தளிப்பில் சிக்கிச் சிறை சென்று, மன்னிப்புப் பெற்று 1852-ல் நியூயார்க்கில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 47.

கேபிடல் விரிவாக்கப் பணியைக் கவனித்த ராணுவப் பொறியாளர் மான்ட்கோமரி மெய்க்ஸ் கறாரான ஆள். ஒரு சுவரைக் கொடுத்து, வரைந்து காட்டச் சொன்னார். வேளாண் குழுவுக்கான அந்த அறையில், ஏரை விட்டுவிட்டுப் போருக்குப் போன ரோமானிய உழவர் சின்சினாட்டஸை 1855-ல் வரைந்தார் புருமிடி. இடமறிந்து போட்ட படம்! வேலை கிடைத்தது, நாள் சம்பளம் 8 டாலர், பிறகு 10.

இது எல்லோருக்கும் கைவரும் வேலையல்ல. சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே, தண்ணீரில் குழைத்த நிறத்தைத் தீட்டிவிட வேண்டும். சாந்து காயக் காய நிறம் சுவரோடு சுவராக இறுகிவிடும். அதனால், அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே சாந்து பூசுவார்கள். பிசகினால் கொத்தியெடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். அன்றைய அமெரிக்காவில் இந்த வித்தை தெரிந்தவர்கள் அரிது.

ஆனாலும் 1858-ல் உள்ளூர்க் கலைஞர்கள் நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். தேசத்தின் கட்டடத்தை அந்நியர்கள் அலங்கரிப்பதா என்பது அவர்கள் குறை. ரசனையின் பெயரில் வந்தாலும் இது அடிப்படையில் வேலைவாய்ப்புச் சண்டைதான். அதற்காக அவர்கள் கேள்வியை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. 1865-ல், தரையிலிருந்து 180 அடி உயரத்தில், குவிமாடத்தின் உட்புறத்தில் 4,664 சதுர அடிக்குப் புருமிடி தீட்டிய ‘வாஷிங்டனின் தெய்வநிலை’யைப் பாருங்கள். குடியரசின் முதல் ஜனாதிபதி மேகத்தில் வீற்றிருக்கிறார். வீனஸ் தேவி அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பியைப் பிடித்திருக்கிறாள். முடியாட்சியை உதறிய நாட்டுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதே கையால்தான் செனட் தாழ்வாரங்களில் அமெரிக்கப் பறவைகளும் அணில்களும் உயிர்பெற்றன.

கடைசியாக, குவிமாடத்துக்குக் கீழே, 58 அடி உயரத்தில் அமெரிக்க வரலாற்றை வளையமாகத் தீட்டத் தொடங்கினார். 1879 அக்டோபரில் சாரத்திலிருந்த நாற்காலி சறுக்கியது. 74 வயது மனிதர் ஏணிப்படியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் தொங்கினார். 1880 பிப்ரவரியில் இறந்தார். கல்லறைக்கு அடையாளக் கல் வைக்கப்பட்டது 1952-ல்தான்.

வளையத்தைத் தொடர்ந்தவர் பிலிப்போ கோஸ்டஜினி, இன்னொரு இத்தாலியர். அவர் விட்டுப்போன 31 அடி இடைவெளியை 1953-ல் நிரப்பியவர் ஆலின் காக்ஸ், மனுதாரர்கள் கேட்டது போலவே அமெரிக்காவில் பிறந்தவர். அவரும் இளவயதில் ரோம் நகருக்குப் போய், அங்குள்ள அமெரிக்கக் கலைக்கழகத்தில் பயின்று வந்தவர்தான்.