எந்தக் கல்லூரி?

ஒரகடத்தில் கார் பிறக்கிறது. திருப்பெரும்புதூரில் கைப்பேசி பிறக்கிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்ட விடுதியில் 18,720 பெண் தொழிலாளர்க்கு இடமுண்டு. அவர்களுள் ஒருத்தி, ஈயப்பற்று வைக்கையில் எழும் புகை தன் நுரையீரலை என்ன செய்யும் என்றறிய ஆய்விதழைத் தேடுகிறாள் என்று கொள்வோம். இணையக் கதவு கேட்கிறது: "எந்தக் கல்லூரி?" "கல்லூரியன்று, தொழிற்சாலை" என்பாள் அவள். கதவு மூடியே கிடக்கும்!

தோழர்களே, கதவுக்குப் பின்னே இருப்பது எவர் பணத்தில் வாங்கிய செல்வம்? 2024 நவம்பர் 25 அன்று 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் முதற்கட்டப் பட்டியலில் அரசுக் கல்லூரி உண்டு, பல்கலைக்கழகம் உண்டு, மத்திய அரசின் ஆய்வுக்கூடம் உண்டு. பொது நூலகம் இல்லை! சோப்புக் கட்டிக்கும் வரி கொடுக்கும் தொழிலாளியின் காசு அந்தக் கோடிகளில் கலந்திருக்கிறதே! காசுக்குத் தீட்டில்லை, கண்ணுக்கு மட்டும் தீட்டா?

"வருவது யாரெனச் சரிபார்க்காமல் எப்படித் திறப்பது?" என்பர் சிலர். சரிபார்க்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. எதைக் கேட்டுச் சரிபார்ப்பது என்பதே வழக்கு. இன்று நடப்பது என்ன? வாசகர் தம் நிறுவனத்தின் பெயரைத் தேர்கிறார், அந்நிறுவனத்தின் கணினி கடவுச்சொல்லைச் சோதிக்கிறது, "ஆம், இவர் எம்மவர்" என்று பதிப்பகத்துக்குச் சொல்கிறது, கதவு திறக்கிறது. வாசகரின் பெயரைக்கூடப் பதிப்பகம் அறிய வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லக் கல்லூரிக்கு மட்டுந்தான் வாயுண்டா? உறுப்பினர் பதிவேடு வைத்திருக்கும் பொது நூலகம் ஊமையா?

பிரிட்டனில் 2014 முதல், பொது நூலகத்துக் கணினிமுன் அமர்ந்து ஆய்விதழ்களைப் படிக்க வழி செய்தார்கள். நம் மண்ணுக்கு இது புதுப் பாடமன்று. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக, 1948-இல், பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம். சொத்துவரியோடு நூலக வரி செலுத்தும் மக்கள் நாம். அன்று ஊருக்கு ஊர் நூலகம் கேட்டோம். இன்று அந்த நூலகத்தின் அட்டைக்கு மதிப்புக் கேட்கிறோம்.

"அடுத்தடுத்த கட்டம் வரும், பொறுங்கள்" என்பார்கள். புகை பொறுக்குமா? நுரையீரல் பொறுக்குமா?

திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசர், ஆசான் மறைத்து வைக்கச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூரில் ஊரறியக் கூவினார் என்பது வைணவர் கூறும் கதை. மந்திரத்தில் நமக்கு நம்பிக்கையில்லை. பூட்டைப் பொருட்படுத்தாத அந்தத் துணிவில் உண்டு.

ஆகவே தோழர்களே, நூலகத்தில் உறுப்பினராகுங்கள். மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேளுங்கள். பொது நூலக அட்டையே இணையக் கதவின் திறவுகோல் ஆகட்டும். ஆதார் எண் வேண்டாம், என்ன படித்தார் என்ற உளவும் வேண்டாம், "இவர் நூலக உறுப்பினரா?" என்ற ஒரே கேள்வி போதும்.

காரைச் செய்யத் தெரிந்தவளுக்குக் கட்டுரையைப் படிக்கத் தகுதியில்லை என்று சொல்ல எவருக்கு உண்டு உரிமை?