காருக்குக் காவலாய்ப் பெற்றோர்

இராயபுரத்தின் குறுந்தெருக்களில் நடந்தால், சாம்பல் நிற உறை போர்த்திய கார் ஒன்று சுவரோரம் நிற்பதை எங்கேனும் காணலாம். சக்கரங்களில் காற்றில்லை. உறையின் மேல் பூனை உறங்கும். யாருடையது என்று விசாரித்தால், "பையன் கனடாவுல இருக்கான் சார், வந்தா ஓட்டுவான்" என்று வாசலில் அமர்ந்திருக்கும் முதியவர் சொல்வார். பையன் வராமலில்லை. வருகிறான், இரண்டு வாரம் வாடகைக் காரில் சுற்றிவிட்டுத் திரும்புகிறான்.

நாடு விட்டு நாடு போகிறவர் தம் காரை என்ன செய்வது என்பதெல்லாம் இலக்கிய வாசகர்கள் பேசத்தக்க விஷயமா என்று முகம் சுளிப்போர் உண்டு. பேசத்தக்கதே என்பது நம் துணிபு. புலம்பெயர்வைப் பற்றி ஏராளமாக எழுதுகிறோம், வாசிக்கிறோம். விட்டுச்சென்ற பொருள்களுக்காக உருகுகிறோம். அப்பொருளை யார் துடைக்கிறார், அதன் பொருட்டு யார் வழக்குமன்றப் படியேறுகிறார் என்று மட்டும் கேட்பதில்லை.

காரை உடன்கொண்டு செல்வது பெரும்பாலோர்க்கு இயலாத காரியம். எண்ணூரில் 2001இல் திறக்கப்பட்டு, இன்று காமராசர் துறைமுகம் என்று வழங்கும் இடத்திலிருந்து புதுக் கார்கள் அடுக்கடுக்கான தளங்கள் கொண்ட கப்பல்களில் ஏறி அயல்நாடு போகின்றன. அவை அந்தந்த நாட்டின் விதிக்கேற்பச் செய்யப்பட்டவை. நாம் ஓட்டிப் பழகிய கார் அப்படியல்ல. வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் சாலையின் வலப்புறம் ஓட்டுகிறார்கள். நம் காரில் ஓட்டுநர் இருக்கையும் வலப்புறம். தன் தரவிதிப்படி கட்டப்படாத காரை, 25 ஆண்டு வயதாகும்வரை அமெரிக்கா பொதுவாக அனுமதிப்பதில்லை. சிங்கப்பூர் பொதுவாக மூன்றாண்டுக்கு மேற்பட்ட பழைய காரை ஏற்பதில்லை. கப்பல் கூலியும் சுங்கமும் கூட்டினால் காரின் விலையையே விழுங்கிவிடும். ஆகவே எஞ்சுவது ஒரே வழி: விற்பது.

அதைச் செய்ய மனமில்லாதவர்கள் இரண்டு தப்பித்தல்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். முதலாவது, உறை போட்டு நிறுத்துவது. உப்புக்காற்று வீசும் கரையில் நின்ற காரின் அடித்தகடு என்னாகும் என்பதைக் காசிமேட்டு மெக்கானிக் எவரும் சொல்வார். பேட்டரி முதலில் சாகும். வயர்களை எலி அறுக்கும். 2015லும் 2023லும் டிசம்பர் வெள்ளம் தெருவுக்குள் வந்தபோது, முழங்கால் நீரில் நின்று அந்தக் காருக்காகக் கவலைப்பட்டவர்கள் எழுபது வயதுக்காரர்கள். குடிநீர் லாரியும் ஆம்புலன்சும் நுழைய வேண்டிய தெருவில் ஆறடி அகலத்தை நினைவுச்சின்னத்துக்கு ஒதுக்க நமக்கு யார் உரிமை தந்தது?

இரண்டாவது தப்பித்தல் இன்னும் ஆபத்தானது. தயாளம் என்ற வேடம் பூண்டது. நம் பழைய மாணவர் ஒருவர் வெளிநாடு புறப்படுகையில், தெருவில் கார் ஓட்டிப் பிழைக்கும் இளைஞரிடம் சாவியைக் கொடுத்து "நீயே வெச்சுக்கோப்பா" என்றார். பெயர் மாற்றவில்லை. காப்பீடு காலாவதியாயிற்று. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் விபத்து. ஒருவருக்குக் கால் போயிற்று. அழைப்பாணை வந்து சேர்ந்தது மாணவரின் தாயாரிடம். அடிபட்டவர், ஓட்டிய இளைஞர், தாயார் என மூவர் வாழ்வும் குலைந்தது, போடப்படாத ஒரு கையெழுத்தால். பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், கார் எத்தனை கை மாறியிருப்பினும் இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே கூறியிருக்கிறது.

"திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையின் அடையாளமல்லவா அந்தக் கார்?" என்று கேட்கலாம். 1960களில் பர்மாவிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களை வடசென்னை அறியும். கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். விற்கவோ கொடுக்கவோ அவர்களை யாரும் விடவில்லை. அவர்கள் ஏக்கத்துக்கு முன் நாம் தலைவணங்குகிறோம். எல்லா வாய்ப்பும் இருந்தும் முடிவெடுக்காதவரின் ஏக்கத்துக்கு வேறு பெயர் உண்டு: சோம்பல்.

செய்ய வேண்டியது எளிது. கடனிருந்தால் அடைத்து, படிவம் 35 மூலம் ஆர்.சி.யிலிருந்து அடமானத்தை நீக்குங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். விற்றவர் 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாங்குபவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பி விமானம் ஏறாதீர்கள். பதிவேட்டில் பெயர் மாறியதைக் கண்ணால் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட வணிகரிடம் ஒப்படைத்தால் அதையும் அலுவலகத்துக்கு அறிவிக்க, ஏப்ரல் 2023 முதல் விதி இருக்கிறது. ஓடத் தகுதியற்றதெனில், பதிவுபெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்றிதழ் பெறுங்கள். தம்பியோ தங்கையோ நாள்தோறும் ஓட்டுவார் என்றால் நல்லது. அவர் பெயருக்கே மாற்றிக் கொடுங்கள்.

விமானச்சீட்டு எடுக்கும் நாளிலேயே பெயர் மாற்றத்துக்கும் நாள் குறியுங்கள். முதலாவதைச் செய்து இரண்டாவதை மறப்பவர்கள் பிரிவைப் பற்றிக் கவிதை எழுதாதிருப்பதே, தமிழுக்கும் அந்தத் தெருவுக்கும் அவர்கள் செய்யும் உதவி.