லாரிக்கு மூச்சு வாங்கினால்...

பி.காம். படித்தவனுக்கு லாரி என்பது பேலன்ஸ் ஷீட்டில் ஒரு வரி. வாடகைக்கு ஓடுகிற லாரி என்றால் வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 30 சதவிகிதம் தேய்மானம் எழுதலாம். அதோடு நம் வேலை முடிந்தது. அந்தத் தேய்மானம் எங்கே, எப்படி நடக்கிறது என்று எந்த ஆடிட்டரும் சொல்லித் தந்ததில்லை. திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகிற ரோட்டோரத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் கொஞ்ச நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் போதும், கிரீஸ் வாசனையோடு விளங்கிவிடும்.

நான் பார்த்த அன்று வந்தது ஒரு ஜல்லி லாரி. ஓனருக்கு இருப்பதே அது ஒன்றுதான். ஃபைனான்ஸ் டியூ இன்னும் பாக்கி. லோடு ஏற்றினால் வண்டி இழுக்கவில்லையாம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இருமிவிட்டு அணைகிறதாம். பங்க் டீசலைத் திட்டினார், டிரைவரைத் திட்டினார், கடைசியில் திருஷ்டி என்று முடிவுக்கு வந்திருந்தார். பம்பரில் எலுமிச்சம்பழம் புத்தம் புதுசு.

"டீசல் ஃபில்டர் எப்ப மாத்துனீங்க மொதலாளி?"

"இப்பதாம்ப்பா..."

"இப்பதான்னா?"

"பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி."

பொண்ணுக்குக் குழந்தை பிறந்து, அது பால்வாடிக்குப் போகிறதாம்!

விஷயம் இதுதான். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தியே சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். பீய்ச்சுகிற பம்ப்பிலும் நாசிலிலும் உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் (முடி மிச்சமிருப்பவர்களுக்கு) சுமார் 70 மைக்ரான். ஒரு தூசி உள்ளே போனால் கீறல்தான். தண்ணீர் போனால் துரு. கடலோர ஈரக்காற்றில் பாதி டேங்க்கோடு ராத்திரி நிறுத்தினால், காலியான பாதியில் ஈரம் வேர்த்து டீசலுக்கு அடியில் சேரும். இவ்வளவையும் தடுப்பது மடித்து வைத்த கொஞ்சம் காகிதம். விலை சில நூறு ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப் போய் பம்ப்பைக் கழற்ற நேர்ந்தால் பில் ஐந்து இலக்கத்தில் வரும். வண்டி நிற்கிற நாட்களின் வாடகை தனி. டியூ மட்டும் நிற்காது!

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. இன்ஜின் ஆறியதும் சுற்றுப்புற மண்ணை முதலில் துடைக்க வேண்டும். பெல்ட் ஸ்பேனரால் பழசைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பார்ப்பது முக்கியம். அது மேலேயே ஒட்டிக்கொண்டிருந்து, புதுசு அதன் மேல் உட்கார்ந்தால் ஒழுகும். புது வளையத்தில் டீசல் தடவி, கையால் மட்டுமே முறுக்க வேண்டும். ஸ்பேனர் போட்டுப் பலத்தைக் காட்டினால் அடுத்த தடவை கழற்றுபவர் நம் பரம்பரையையே வாழ்த்துவார்.

புது ஃபில்டரில் டீசலை ஊற்றி மாட்டலாமா என்பது ஷெட்டுக்கு ஷெட் நடக்கிற பட்டிமன்றம். ஊற்றியே தீரவேண்டுமென்றால் ஓரத்துச் சின்னத் துளைகளில் ஊற்றலாம். நடு ஓட்டையில் ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேரே பம்ப்புக்குப் போகும். வாசற்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

அடுத்ததுதான் நிஜமான வேலை: ஏர் எடுப்பது. டீசல் லேசில் அமுங்காது; காற்று பஞ்சு மாதிரி அமுங்கும். பழைய வண்டியில் சுமார் 200 பார் அழுத்தம் வந்தால்தான் நாசில் திறக்கும். நடுவில் காற்று இருந்தால் அழுத்தமெல்லாம் அதைக் கசக்குவதிலேயே தீர்ந்துவிடும். டீசல் தீர்ந்து நின்ற லாரி, டேங்க்கை நிரப்பியும் கிளம்பாமல் அடம் பிடிப்பது இதனால்தான். ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்ப்பைச் சளக் சளக்கென்று அடிக்க, முதலில் நுரை வந்தது. பிறகு குமிழி. அப்புறம் சுத்த டீசல். ஸ்க்ரூவை இறுக்கி செல்ஃப் அடித்தார். மூன்றாவது தடவையில் லாரி உறுமியது. பையன் ஃபில்டர் மேல் பெயின்ட்டால் தேதி எழுதினான். பழசைக் கவிழ்த்தபோது தட்டில் விழுந்த கறுப்புக் குழம்பை ஓனர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய வண்டியில் ஏர் எடுக்க நாசில் பைப் நட்டைத் தளர்த்துகிற வழக்கமும் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 லாரிகளில் அந்தக் கைவரிசையைக் காட்ட வேண்டாம். காமன் ரெயில் பைப்பில் அழுத்தம் ஆயிரத்து ஐந்நூறு பாரையும் தாண்டும். ஊசிமுனைக் கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே இறக்கிவிடும். பார்த்தால் எறும்பு கடித்த மாதிரி இருக்கும், வலிகூடத் தெரியாது. கட்டுப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடராமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டரிடம் 'கீறல்' என்று சொல்லாமல், 'பிரஷரில் டீசல் உள்ளே போயிருக்கு' என்று சொல்ல வேண்டும்.