பிரேக் பேடை வீட்டிலேயே மாத்தினா எவ்வளவு மிச்சம்? ஒரு ஆடிட்டர் கணக்கு

போன மாசம் என் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். மதியம் போன் வந்தது. "சார், முன்பக்க பிரேக் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. ரெண்டு காலிப்பர், பேட் செட் எல்லாம் மாத்தணும். 16,400 ரூபாய் ஆகும்."

கேட்டதும் எனக்கும் அந்த ஆசை வந்தது: வீடியோவைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை நாமே மாத்திட்டா என்ன? ஆனா கையில் ஸ்பேனர் எடுக்கிறதுக்கு முன்னாடி கால்குலேட்டர் எடுக்கிறது நம்ம தொழில் பழக்கம். அதனால கணக்கு போட்டுப் பார்த்தேன்.

முதலில் பேட். என் காருக்கு முன்பக்க பேட் செட் 1,900 ரூபாய். ஏரியா மெக்கானிக் கூலி 800 ரூபாய். நாமே செஞ்சா மிச்சமாகிறது அந்த 800 மட்டும்தான். அதுக்கு என்ன வாங்கணும்? காரோடு வர்ற ஜாக்கி டயர் மாத்த மட்டும்தான். அதை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. ஜாக் ஸ்டாண்டு ஒரு ஜோடி, டார்க் ரென்ச், பிஸ்டனை உள்ளே தள்ள ஒரு சி-கிளாம்ப், பிரேக் கிரீஸ். எனக்குக் கிடைச்ச விலையில் சுமார் 5,000 ரூபாய். வருஷம் 10,000 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு மூணு, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பேட் மாத்தினா போதும்னு வெச்சுப்போம். போட்ட முதல் திரும்ப ஆறேழு தடவை மாத்தணும். அதாவது இருபது வருஷத்துக்கு மேல! அதுவரை அந்தக் கார் நம்மகிட்ட இருக்குமா?

அடுத்து காலிப்பர். இது பேட் மாதிரி இல்லை. இதைக் கழட்டினா பிரேக் ஆயில் லைன் திறந்துடும், உள்ளே காற்று புகுந்துடும். ஆயில் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். அந்தக் காற்றை முழுசா வெளியே எடுக்கலைன்னா, பெடலை மிதிச்சாலும் அது சும்மா கீழே போகும், வண்டி நிக்காது. ஏபிஎஸ் இருக்கிற சில கார்களில் இந்த வேலைக்கு ஸ்கேன் டூலும் வேணும். என் கருத்து நேரடியாவே சொல்றேன்: காலிப்பர் மாத்துறது வீட்டில் கத்துக்கிற வேலை இல்லை.

இன்ஷூரன்ஸையும் மறக்காதீங்க. மோட்டார் பாலிசியில் தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பழுதுக்கும் கவர் கிடையாது. வண்டியை நல்ல நிலையில் பராமரிக்கணும்ங்கிறதும் பாலிசி நிபந்தனைதான். நாளைக்கு ஒரு விபத்து நடந்து பிரேக் பத்தி கேள்வி வந்தா, நாமே மாத்தின பிரேக்குக்கு நம்மகிட்ட ஒரு பில்கூட இருக்காது. 800 ரூபாய்க்காக எடுக்கிற ரிஸ்க்கா இது?

அப்போ 16,400 கொடுத்துடணுமா? இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கு.

நான் வேலையை நிறுத்தச் சொல்லிட்டு, தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரை அழைச்சுட்டுப் போய்க் காட்டினேன். சக்கரத்தைக் கழட்டிப் பார்த்தார். பிஸ்டன் கிளாம்ப் போட்டதும் சிரமம் இல்லாம உள்ளே போச்சு. அதோட ரப்பர் பூட் கிழியலை, ஆயில் கசிவும் இல்லை. காலிப்பர் நகர்றதுக்கு ஸ்லைடு பின்னுன்னு ரெண்டு இருக்கும். அது காய்ஞ்சுபோய் இறுகியிருந்தது. அவ்வளவுதான் பிரச்சினை. சுத்தம் பண்ணி கிரீஸ் போட்டு, புது பேட் மாட்டினார். மொத்தம் 2,850 ரூபாய். மிச்சம் 13,550.

இந்த மிச்சம் என் கை அழுக்காகி வந்தது இல்லை. "ஏன் மாத்தணும்?"னு கேட்டதால வந்தது. அதே சமயம், பூட் கிழிஞ்சு பிஸ்டன் துருப்பிடிச்சிருந்தா காலிப்பர் மாத்தத்தான் வேணும். அங்கே பேரம் பேசக் கூடாது.

அதனால நீங்க கத்துக்க வேண்டியது மாத்த இல்லை, பார்க்க. நிறைய அலாய் வீல்களில் இடைவெளி வழியா டார்ச் அடிச்சாலே வெளிப்பக்க பேட் தெரியும். தேய்ற பகுதி 3 மில்லிமீட்டர்கிட்ட வந்துட்டா மாத்துற நேரம் வந்தாச்சு. ஒரே சக்கரத்தில் ஒரு பேட் தேய்ஞ்சு இன்னொண்ணு அப்படியே இருந்தா, புது பேட் மட்டும் போட்டா போதாது, காரணத்தையும் கேளுங்க. பிரேக் போடும்போது கீச்சுன்னு சத்தம் வந்தா தள்ளிப் போடாதீங்க. தேய்ஞ்ச பேட் டிஸ்க்கையும் தின்னுட்டா செலவு இன்னும் ஏறும்.

சர்வீஸ் சென்டரில் மூணு விஷயம் கேளுங்க. மாத்தணும்னு சொல்ற பார்ட்டைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. பார்ட், லேபர் ரெண்டையும் தனித்தனியா பில் போடச் சொல்லுங்க. பழைய பார்ட்டைத் திரும்ப வாங்குங்க. பில்லில் ஜிஎஸ்டியையும் பாருங்க: கார் பார்ட்ஸுக்கு இருந்த 28% வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18% ஆயிடுச்சு.

மெக்கானிக் வேலை பிடிச்சு, அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இருந்து சொல்லித் தர்றார்னா, பேட் மாத்தக் கத்துக்கோங்க, தப்பே இல்லை. ஆனா அதை ஹாபி செலவுன்னு எழுதுங்க, சேமிப்புன்னு எழுதாதீங்க. வேலை முடிஞ்சதும் வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி, பெடல் கெட்டியாகிற வரைக்கும் நாலஞ்சு தடவை மிதிச்சுப் பாருங்க. அதை மறந்தா முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.