இலையைக் காட்டி ஏமாற்றாதீர்கள்

"ஒரு சாதாரண இலை செய்கிற வேலையை ஐ.ஐ.டி.யால் செய்ய முடியவில்லை." சென்னை அசோக் நகர், கே.கே. நகர்ப் பக்கம் அறிவியல் என்ற பெயரில் நடக்கும் எந்தக் கூட்டத்திலும் இந்த வாக்கியம் தப்பாது. பள்ளி விழா, குடியிருப்போர் சங்கப் பொங்கல், வாசகர் வட்டம் என்று மேடைதான் மாறுகிறது. வெயில் இலவசம், தண்ணீர் இலவசம், கரியமில வாயு இலவசம். இந்த மூன்றையும் வைத்து வேப்பிலை எரிபொருள் செய்கிறது, நம் விஞ்ஞானிகளோ ஐம்பது ஆண்டுகளாகக் கோடிகளைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பார் பேச்சாளர். கைதட்டல் எழும். அடுத்து எண்ணெய்க் கம்பெனிகளின் சதி வரும், மூலிகைப் பெட்ரோல் ராமர் பிள்ளை வருவார். பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம் மட்டும்தான் மிச்சம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிளஸ் டூ பிள்ளைகள் இதை உண்மையென்று நம்பி வீட்டுக்குப் போகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

சதியை முதலில் முடித்துவிடலாம். பாசியிலிருந்து எரிபொருள் எடுக்க 60 கோடி டாலர் வரை செலவிடுவோம் என்று 2009-ல் அறிவித்ததே எக்ஸான் மொபில் என்ற எண்ணெய்க் கம்பெனிதான். கட்டுப்படியாகாமல் 2023-ல் கைவிட்டது. செயற்கை இலை செய்யப் புறப்பட்ட அமெரிக்க வேதியியலாளர் டேனியல் நொசேராவின் கம்பெனியில் நம் டாடாவே பணம் போட்டது. பணம் வந்தும் நடக்கவில்லை என்றால், தடை வேதியியலில் இருக்கிறது.

ராமர் பிள்ளையை யாரும் அமுக்கவில்லை. மூலிகையும் தண்ணீரும் சேர்த்துப் பெட்ரோல் எடுப்பதாக 1996-ல் அவர் சொன்னபோது நாடே திரும்பிப் பார்த்தது. அரசு விஞ்ஞானிகள் முன்னால் செய்துகாட்ட வாய்ப்பும் கிடைத்தது. பின்னாளில் அவர் விற்றது டொலுவீன், நாப்தா போன்றவற்றின் கலவை என்பதே சி.பி.ஐ. வைத்த வழக்கு. 2016 அக்டோபரில் எழும்பூர் நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. இதைச் சொல்லாமல் அவரைத் தியாகியாக்குவது பொய்.

அந்த வழக்கு நடக்காவிட்டாலும் பள்ளிக்கூட வேதியியலே போதும். தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். அதை மறுபடி எரிபொருளாக்க, எரிந்தபோது வெளியேறிய ஆற்றலை முழுவதும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனில் இருப்பது 33 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல். ஒன்பது லிட்டர் தண்ணீரிலிருந்து அதைப் பிரிக்க இன்றைய மின்பகுப்புக் கருவிகள் 50 யூனிட்டுக்கு மேல் கேட்கின்றன. கடல்நீரை அப்படியே ஊற்றினால் ஆக்சிஜன் வரவேண்டிய முனையில் குளோரின் கிளம்பும், ஆகவே முதலில் உப்பை நீக்க வேண்டும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குவதுபோலச் செய்தால், ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட்தான் ஆகும். தண்ணீருக்கு ஆகும் செலவு அற்பம். வெயிலைப் பிடிக்கிற கருவிதான் செலவு, அதை யாரும் இலவசமாகத் தருவதில்லை.

இனி இலைக்கு வருகிறேன். மேடையில் இலையைப் புகழ்கிறவர்கள் ஒருநாளாவது அதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்களா?

அசோக் நகரில் அரை கிரவுண்டு மனையில் கட்டிய வீட்டின் மொட்டைமாடி சுமார் 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு சதுர மீட்டரில் நாளுக்குச் சுமார் 5 யூனிட் வெயில் விழுகிறது, ஆக மொத்தம் 500 யூனிட். நல்ல விளைச்சல் தரும் பயிர் ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால், தன்மேல் விழும் வெயிலில் ஒரு சதவீதத்தைச் சேமித்தாலே பெரிது. பெரும்பாலானவை அதையும் எட்டுவதில்லை. அந்த ஒரு சதவீதத்தையே எடுத்துக்கொண்டால் 5 யூனிட், அரை லிட்டர் பெட்ரோலைவிடக் கொஞ்சம் அதிகம். அதுவும் பெட்ரோலாக வராது, தண்டும் சருகுமாக வரும். அதே மாடியில் இன்று கடையில் கிடைக்கிற 20 சதவீத சோலார் பேனலைப் பரப்பினால் 100 யூனிட் மின்சாரம். அதை மின்பகுப்புக் கருவிக்குக் கொடுத்தால் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஹைட்ரஜன், அதற்குள் 60 யூனிட்டுக்கு மேல் ஆற்றல். இலையைப்போலப் பத்து மடங்குக்கும் அதிகம். "இலை செய்வதைச் செய்ய முடியவில்லை" என்கிற வாக்கியம் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

இலை ஏன் இவ்வளவு குறைவாகச் சேமிக்கிறது? வெயிலில் பாதிக்கும் மேலான பகுதி, அகச்சிவப்பு முழுவதும், அதற்குப் பயன்படாது. உச்சி வெயிலில் திணறிப்போய் வாங்கிய ஒளியை வெப்பமாக வெளியே விடுகிறது. கரியமில வாயுவைப் பிடிக்கிற ரூபிஸ்கோ என்ற நொதி நொடிக்கு மூன்று மூலக்கூறு அளவில்தான் வேலை செய்கிறது. அதிலும் நெல் போன்ற பயிர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருமுறை ஆக்சிஜனைத் தவறாகப் பிடித்துக்கொள்கிறது, வெப்பம் கூடக்கூட இந்தத் தவறும் கூடும். இலையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் ஸ்கூட்டர் ஓடுவதற்காக அது பிறக்கவில்லை. தனக்கும் விதைக்கும் வேண்டிய அளவு சர்க்கரை செய்கிறது, அதற்கு இது போதும். இலை செய்த எரிபொருள் தமிழ்நாட்டில் எங்கே என்று கேட்டால் நெய்வேலியைக் காட்டுவேன். பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்த காடுகள் மண்ணில் புதைந்து, இன்று பழுப்பு நிலக்கரியாகக் கிடக்கின்றன.

இலையில் உண்மையாகவே வியக்க வேண்டியது வேறு. தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் வேலையை அங்கே செய்வது நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து. ஜப்பானில் ஜியான்-ரென் ஷென், நோபுவோ கமியா குழுவினர் 2011-ல் அதன் அமைப்பைத் துல்லியமாகப் படம்பிடித்தார்கள். மாங்கனீசும் கால்சியமும் மண்ணிலேயே கிடைப்பவை. அதே வேலைக்குச் சவ்வு வகை மின்பகுப்புக் கருவியில் இரிடியம் வைக்கிறோம். உலகம் முழுவதும் சேர்த்தே ஆண்டுக்கு ஏழெட்டு டன்தான் இரிடியம் எடுக்கப்படுகிறது.

அந்தக் கொத்தைத் தாங்கியிருக்கும் புரதம் வெயிலில் கெட்டுப்போகிறது, கடும் வெளிச்சத்தில் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை. செடி பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்து மாட்டிக்கொண்டே இருக்கிறது. ஆய்வகத்துக் கருவிக்கு அந்த வசதி கிடையாது. வைத்த வினையூக்கி வைத்த இடத்தில், தண்ணீரிலும் வெயிலிலும், பத்து வருடம் கெடாமல் இருக்க வேண்டும். தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் உயிரையும் அப்படிச் செய்ய முடியாத உலோகத் தகட்டையும் ஒரே தராசில் நிறுத்தி, தகட்டைச் செய்தவரைப் பார்த்துச் சிரிப்பது எந்த ஊர் நியாயம்?

ஐம்பது ஆண்டில் ஒன்றுமே நடக்கவில்லையாம். 1972-ல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிளந்து காட்டினார்கள். அதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும், வெயிலில் அதன் பங்கு சுமார் 5 சதவீதம். அங்கிருந்து 1998-ல் அமெரிக்காவில் ஜான் டர்னர் 12.4 சதவீதத் திறனை எட்டினார், ஆனால் விலையுயர்ந்த குறைகடத்தியில், மணிக்கணக்கில் மட்டும் தாங்கிய கருவியில். 2021-ல் கசுனாரி டோமென் குழு, மலிவாகப் பரப்பக்கூடிய ஒளிவினையூக்கித் தகடுகளை நம் மொட்டைமாடி அளவுக்கே, 100 சதுர மீட்டருக்கு, வெட்டவெளியில் விரித்து மாதக்கணக்கில் ஓட்டியது. கிடைத்தது அதிகபட்சம் 0.76 சதவீதம். அதிகத் திறன் உள்ளது தாங்குவதில்லை, தாங்குவதில் திறன் இல்லை. ஒளி பட்டதும் கிளம்பும் எலக்ட்ரான் நொடியின் மிகச்சிறு பின்னத்துக்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிடப் பார்க்கிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு பிறக்கவோ நான்கு எலக்ட்ரான்களை வரிசையாகப் பிடுங்கியாக வேண்டும். பெங்களூரில் சி.என்.ஆர். ராவ் போன்றவர்கள் மல்லுக்கு நிற்பது இதோடுதான். 1954-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த சோலார் செல்லும் 6 சதவீதத்தில்தான் தொடங்கியது. அது நம் மாடிக்கு வந்துசேர அரை நூற்றாண்டு பிடித்தது.

கோடிகளைத் தின்றார்கள் என்கிற பேச்சு மிச்சம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1953-ல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. ஊரே சிக்ரி என்று அழைக்கும் அந்த ஆய்வகம் இன்றுவரை மின்முனைகளோடு உழைக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய். மேடையில் இந்த எண்ணைத்தான் உரக்கச் சொல்கிறார்கள். அதில் 17,490 கோடி தயாரிப்பாளர்களுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகை. ஆராய்ச்சிக்கென்று எழுதியிருப்பது 400 கோடி, நூற்றுக்கு இரண்டு ரூபாய். இரிடியத்துக்கு மாற்றும், பத்து வருடம் தாங்கும் வினையூக்கியும் இந்தத் திட்டத்தில் அந்த இரண்டு ரூபாயிலிருந்துதான் வந்தாக வேண்டும். அடுத்த கூட்டத்தில் இலையைத் தூக்கிக் காட்டுகிறவர் இந்த எண்ணையும் சொல்லட்டும், ஏன் இவ்வளவு குறைவு என்று பிள்ளைகளே எழுந்து கேட்கட்டும்.