ஷூ லேஸ் கட்டிவிட்டவனின் மடல்

மாண்புமிகு பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

நான் ஓய்வுபெற்ற ஹவில்தார். லீவில் ஊருக்கு வந்தால் "எப்போ வந்தே?" என்று கேட்கும் முன்பே "ரம் கொண்டாந்தியா?" என்று கேட்பார்கள். கேண்டீன் மது கோட்டாவைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. பனியில் காவல் நின்றவனுக்கு ஒரு பெக்கின் அருமை தெரியும்.

என் பேரக்ஸில் ஒருவன் இருந்தான். குடி வாடை தெரியாமலிருக்க, காலை பி.டி.க்கு முன் ஏலக்காயை மென்றுகொள்வான். விரல் நடுங்கும், ஷூ லேஸ் கட்ட வராது. பல நாள் நான்தான் கட்டிவிட்டேன். ஒருநாள், "எம்.ஐ. ரூம்ல, டாக்டர்கிட்ட சொல்லிடட்டுமாண்ணே?" என்று கேட்டான். "வாயைத் திறக்காதே, மெடிக்கல் கேட்டகிரியைக் குறைச்சுடுவாங்க, புரமோஷன் போயிடும்" என்றேன். சில மாதத்தில் ரோல்காலில் தள்ளாடி மாட்டிக்கொண்டான்.

1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 48ஆம் பிரிவுப்படி, டியூட்டியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போதையில் இருப்பதே குற்றம். டியூட்டியில் போதையில் இருந்த சிப்பாய்க்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. துப்பாக்கி பிடிப்பவனுக்கு அந்தக் கண்டிப்பு தேவைதான். ஆனால் மாட்டுவதற்கு முன்பே வந்து சொல்பவனுக்கு என்ன தைரியம் கொடுக்கிறோம்?

வழி நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவு வைத்திருந்து பிடிபட்ட அடிமைகூடத் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு ரத்தாகலாம். குடிக்கும் இதே மாதிரி ஓர் ஏற்பாடு செய்யுங்கள். தானாக வருபவனிடமிருந்து சிகிச்சை முடியும்வரை ஆயுதத்தை வாங்கி வையுங்கள். தேறி வந்ததும் அவனுடைய சீனியாரிட்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

எங்களோடு வேலை பார்க்கும் சிவிலியன் டிரைவருக்கும் ஸ்டோர்கீப்பருக்கும் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 22ஆம் விதி இருக்கிறது; பணி நேரத்தில் போதை கூடாது என்கிறது. ராணுவ லாரியை ஓட்டும் கை யாருடையதானாலும் நடுக்கம் ஒன்றுதான். இந்த ஏற்பாட்டில் அவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

படையினருக்கென்று புணே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில், போனில் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் பிரிவு தொடங்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் பேசினால் பிழைப்பு போய்விடும் என்று பயப்படுகிறவன் போனைத் தொடவே மாட்டான்.

அன்று அவனுக்கு லேஸ் கட்டிவிட்டதை உதவி என்று நினைத்தேன். எம்.ஐ. ரூமுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்க வேண்டும். இன்று எந்த பேரக்ஸிலாவது ஒருவன் குனிந்து இன்னொருவனுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருப்பான். "எழுந்திரு, டாக்டரிடம் போகலாம்" என்று அவன் பயமில்லாமல் சொல்ல, நீங்கள் கையெழுத்திட்ட ஓர் உத்தரவு வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்